தெருவுக்கு மட்டுமா ரேஞ்ச்ஃபைண்டர்?

"ரேஞ்ச்ஃபைண்டரா? தெருவில் ஆட்களை எடுக்க நல்ல கேமரா. நிலக்காட்சிக்கு ஆகாது." படம் எடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தத் தீர்ப்பு வந்துவிடும். மார்கழி பிறந்ததும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஏரிக்கரைகளில் அதே கேமராவோடு நிற்பேன் என்று சொன்னால் இன்னொரு கேள்வியும் வரும்: "அங்கே ஏது சார் பனிக்காலம்?"

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஆறு பருவங்களில் இரண்டுக்குப் பனியின் பெயரையே வைத்தவர்கள் நாம். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. பனி என்றால் இமயத்தில் வெள்ளையாகக் கொட்டிக் கிடப்பது மட்டும்தான் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவை காலண்டர் படங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறைந்திருக்க, தை மாத விடியலில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே இங்கே கரை மறைந்துவிடும். பனைமரங்களுக்கு அடிப்பாகம் இருக்காது. தலை மட்டும் நிற்கும். ஒரகடம் சாலையில் ஷிப்ட் பஸ்ஸின் விளக்குகள் முதலில் வரும், பஸ் பிறகு வரும். ஊருக்குப் பெயர் தந்த கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் குடைவரையில் இருக்கிறார். அவரை வலம்வர அந்தக் குன்றையே சுற்ற வேண்டும். பனி இறங்கிய காலையில் அப்படிச் சுற்றி வருகிறவர்கள் பத்தடியில் மறைந்து போவார்கள். இதை நிலக்காட்சி இல்லை என்பவரோடு எனக்கு வாதமே இல்லை.

முதல் கூற்றுக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் ஒரு சிறு கட்டத்தில் காட்சி இரட்டையாகத் தெரியும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ஆகிவிட்டது. டிஜிட்டலில் இந்த வகையை முதலில் கொண்டுவந்தது 2004இல் எப்சன் ஆர்-டி1. 2006இல் லைக்கா எம்8 வந்தது, 2009இல் முழு ஃபிரேம் சென்சாரோடு எம்9 வந்தது.

"லென்ஸ் வழியாகப் பார்க்காமல் நிலக்காட்சியை எப்படிச் சட்டமிடுவது?" என்கிறார்கள். ஜன்னலுக்கும் லென்ஸுக்கும் உள்ள சில சென்டிமீட்டர் விலகல் ஒரு மீட்டரில் உள்ள பூவுக்குப் பெரிது, எதிர்க்கரைப் பனைக்கு ஒன்றுமில்லை. ஃபிரேம் கோடுகள் துல்லியமில்லை என்பது உண்மை. பல மாடல்களில் அவை 2 மீட்டர் தொலைவுக்கு அளந்து வைத்தவை. தொலைவில் உள்ளதை எடுக்கும்போது கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் படத்தில் விழும். அதிகம் விழுந்ததை வெட்டிக்கொள்ளலாம்.

"கையால் ஃபோகஸ் செய்வது பனியில் நடக்குமா?" அங்கேதான் அது நன்றாக நடக்கிறது. ஆட்டோஃபோகஸுக்கு வெளிச்சமும் நிழலும் பிரிந்து தெரிய வேண்டும். மூட்டத்தில் அது முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருப்பதை எத்தனையோ நண்பர்களின் கேமராவில் பார்த்திருக்கிறேன். ரேஞ்ச்ஃபைண்டருக்கும் ஒரு கோடு வேண்டும், ஆனால் ஒன்று போதும். இரட்டைப் பிம்பம் பக்கவாட்டில்தான் நகரும். ஏரிக்கரையின் படுக்கைக் கோட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு திருப்பினாலும் எதுவும் தெரியாது. அதே கரையில் நிற்கும் பனையைக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். இரண்டு பனை தெரியும், ஒன்று சற்று வெளிறியது. வளையத்தை மெல்லத் திருப்ப, வெளிறியது நகர்ந்து வந்து மற்றதன்மேல் உட்காரும், தண்டின் விளிம்பு ஒரே கோடாகும். பனையும் மின்கம்பமும் உயர்அழுத்தக் கோபுரமும் இவ்வளவு நிற்கும் ஊரில் செங்குத்துக் கோட்டுக்கா பஞ்சம்?

ஒன்றுமே தெரியாத காலையும் உண்டு. அப்போது தொலைவு வளையத்தில் உள்ள எண்கள் போதும். 28 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து 3.3 மீட்டருக்குத் திருப்பினால், கணக்குப்படி 1.65 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. அது ஃபிலிம் காலத்துக் கணக்கு. இன்றைய சென்சார் இன்னும் கறாரானது. அதனால் எஃப்/11 வைத்துக்கொண்டு, தெளிவின் எல்லையைக் காட்ட லென்ஸில் பொறித்துள்ள எஃப்/8 கோடுகளைப் பார்த்துத் திருப்புகிறேன்.

"நிலக்காட்சிக்காரர்கள் யாரும் இதைத் தொடுவதில்லை" என்பது வரலாறு தெரியாத பேச்சு. 1995இல் வந்த மாமியா 7, 1998இல் வந்த ஹாசல்பிளாடு எக்ஸ்பான் இரண்டும் ரேஞ்ச்ஃபைண்டர்கள்தான். நிலக்காட்சி எடுப்பவர்கள் அவற்றை மலைமலையாகச் சுமந்து திரிந்தார்கள். தெருப் படங்களின் ஆசான் என்று எல்லோரும் சொல்லும் ஹென்றி கார்த்தியே பிரெசோன் 1948இல் ஸ்ரீநகரில் எடுத்த படத்தைப் பாருங்கள். ஹரி பர்வதச் சரிவில் பெண்கள் நிற்க, எதிரே பள்ளத்தாக்கும் மலைகளும் மேகமும் விரிந்து கிடக்கும். அது தெருப்படமா?

எதிர்த்தரப்பில் நியாயம் உள்ள இடமும் உண்டு. 135 மி.மீ.க்கு மேல் இந்த ஜன்னலால் பயனில்லை. வேடந்தாங்கலில் நாரையை எடுக்கப் போகிறவர் வேறு கேமரா கொண்டுபோகட்டும். மிக அகன்ற லென்ஸ்களில் ஒளி சென்சாரின் ஓரங்களில் சாய்ந்து விழுவதால் மூலைகள் இருண்டு நிறம் மாறும். எம்8, எம்9 சென்சார்களின் ஓரத்தில் நுண்லென்ஸ்களை நகர்த்தி வைத்தது அதற்காகத்தான். ஈரத்திலும் கவனம் வேண்டும். முதல் வருடம் ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் கரைக்கு எடுத்துப் போனேன். லென்ஸும் ஜன்னலும் சேர்ந்து வியர்த்து, நல்ல அரைமணி நேரம் போயிற்று. இப்போது முந்தின இரவே திண்ணை அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

என்னை இந்தக் கேமராவோடு கட்டிப்போட்டது வேறொன்று. மின்னணுத் திரை மங்கலான காட்சியைத் தானாக வெளிச்சமாக்கிக் காட்டும். இருப்பதைவிட நன்றாகத் தெரிகிறது என்று ஏமாறுவோம். கண்ணாடி ஜன்னலில் தெரிவது பனியேதான். கோட்டுக்கு வெளியேயும் பார்க்க முடிவதால், பஸ் விளக்கு சட்டத்துக்குள் நுழையும் முன்பே அது வருவது தெரியும். எந்தப் பனைக்குப் பக்கத்தில் வரும்போது அழுத்துவது என்று முடிவுசெய்ய இரண்டு நொடி கிடைக்கிறது.

நம்பாதவர்கள் தை முடிவதற்குள் ஒருநாள் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் முதல் மின்சார ரயிலில் வாருங்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கலாம், அல்லது பரனூர் தாண்டி கொளவாய் ஏரி ரயில் ஜன்னலிலேயே வரும். வெண்மூட்டம் மீட்டரை ஏமாற்றும் என்பதால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள். தாமதிக்க வேண்டாம், வெயில் ஏறிவிட்டால் பனி இருக்காது.