எருமைச் சாலையில் ராஃபிள்ஸ் இல்லை

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் அடுக்கியிருந்த கடையோரம் போன மாதம் நின்றிருந்தேன். சுற்றுலாக் கூட்டத்தோடு வந்த வழிகாட்டித் தம்பி ஒருவர், “இந்த இடத்தை ராஃபிள்ஸ் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார்” என்றார். கேட்டுக் கேட்டுப் புளித்த வாசகம். தீபாவளி மேடையில் வரும், பள்ளிப் பிள்ளைகளின் பேச்சில் வரும், கல்யாணப் பந்தியில்கூட வரும். தவறு என்று சொல்லிப் பாருங்கள். “அதனால என்ன அண்ணே, எப்படியோ நம்ம இடந்தானே” என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

என்ன என்று சொல்கிறேன்.

ஆங்கிலேயத் துரை ராஃபிள்ஸ் நகரை இனவாரியாகக் கூறுபோட்டது உண்மை. அவர் சொன்னபடி லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் 1822இல் வரைந்த திட்டத்தில் நம்மவர்களுக்கும் இடம் இருக்கிறது. சூலியா கம்பம் என்று குறித்திருக்கிறார்கள்; கம்பம் என்றால் குடியிருப்பு. அது இருப்பதோ சிங்கப்பூர் ஆற்றின் மேல்பக்கம். பஃபலோ ரோடு இருக்கும் சிராங்கூன் சாலைப் பக்கம் இந்தியருக்கென்று ஒரு முழ நிலம்கூட அதில் குறிக்கப்படவில்லை.

வரைபடத்தை நம்பாவிட்டால் காலை நம்புங்கள், நடந்து பாருங்கள். 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல். தெலுக் ஆயரில் நாகூர் தர்கா. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தது மார்க்கெட் ஸ்திரீட்டில். நம்முடைய மூத்த சின்னங்கள் எல்லாம் இன்றைய சைனாடவுனையும் அதன் அக்கம்பக்கத்தையும் விட்டு நகரவில்லை. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் எழுந்தது 1855இல், வீரமாகாளியம்மன் கோயில் 1881இல். 1822இல் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் ஒரு கோயில் எழுப்ப நம் ஆட்கள் முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள் என்றால் யார் நம்புவது?

பிறகு எப்படித்தான் வந்தோம்? மாட்டின் பின்னால் வந்தோம். 1982இல் ஷரோன் சித்திக்கும் நிர்மலா புருஷோத்தமும் லிட்டில் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதைப் படித்தபின் தேக்கா என்று நாங்கள் சொல்லும் அந்தப் பகுதியின் தெருப்பெயர்கள் எனக்கு வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கின. ரோச்சோர் பக்கத்துச் சதுப்பில் தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லை. மாட்டுக்கு வேறென்ன வேண்டும்? பஃபலோ ரோட்டுக்கு அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஒரே எருமைக்கு இரண்டு மொழியில் இரண்டு தெரு! மாட்டு வியாபாரத்தில் பெரிய கை, கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூதர். அவர் பெயரிலும் ஒரு சாலை உண்டு. 1840களில் குதிரைப் பந்தயத் திடல் வந்தது, வெள்ளைக்காரர்கள் கூடினார்கள். 1900இல் கட்டிய டான் டெங் நியாவின் சீன வீடு இன்றும் கெர்பாவ் ரோட்டில் பல வண்ணத்தில் நிற்கிறது. அதன்முன் படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி இல்லை.

மாட்டோடு சேர்ந்து செங்கல்லும் சுண்ணாம்பும் வந்தன. வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றார்கள். சிராங்கூன் சாலைச் சூளையில் செங்கல் அறுத்தவர்களில் இந்தியக் கைதிகள் உண்டு. 1825 முதல் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்று அதிபர் இருக்கும் இஸ்தானாவும் அவர்கள் உழைப்பு. கைதிகளை மேய்த்த அதிகாரி மெக்நேர் 1899இல் எழுதிய புத்தகம் அவர்களைப் பற்றியதே என்றாலும், அதை அவர் நிர்வாகத்தின் சாதனையாகத்தான் எழுதினார். அந்தக் கைதிகளின் உழைப்பையும் அடைபட்ட வாழ்வையும் நகரக் கட்டடங்களுக்குள் தேடி அனோமா பீரிஸ் நூலாக்கியது 2009இல். இடையில் நூற்றுப்பத்து ஆண்டுகள்.

இப்போது அந்த வழிகாட்டியின் வாசகத்தில் எனக்குள்ள கோபம் புரிந்திருக்கும். ‘கொடுத்தார்’ என்ற ஒற்றை வினைச்சொல் மாடு மேய்த்தவனையும் சுண்ணாம்பு சுட்டவனையும் விலங்கோடு மண் பிசைந்தவனையும் கைநீட்டி நிற்கும் ஆளாக மாற்றிவிடுகிறது. பெலிலியோசும் டான் டெங் நியாவும் காணாமலே போகிறார்கள். மக்கள் அவரவர் பிழைப்பைத் தேடி உருவாக்கிய ஓர் இடம் ஒரு துரையின் தயவாகிவிடுகிறது.

நம்மைப் பெருமைப்படுத்தும் கதை என்றால் மட்டும் விட்டுவிடலாமா? சிங்கப்பூர்க் கல்லில் இருப்பது ராஜேந்திர சோழன் கல்வெட்டு என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை எனக்கு வருகிறது. ஆற்று முகத்தில் இருந்த அந்தப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எழுத்து தமிழ் அல்ல, பழஞ்சாவக எழுத்தான கவியை ஒட்டியது. 2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், அதில் ‘கேசரிவ’ என்று படிக்கலாம், பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்றார். ‘இருக்கலாம்’ என்று அவர் சொன்னதை நம் குழுக்கள் ஒரே நாளில் ‘இருக்கிறது’ ஆக்கிவிட்டன. கல் இன்னும் முழுதாகப் படிக்கப்படவில்லை. ராஃபிள்ஸ் கதையை மறுக்கும் வாய் இதையும் மறுக்கத்தான் வேண்டும். கசந்தாலும் வேறு வழியில்லை.

“ஆய்வெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், எங்க தாத்தா சொன்னது போதும்” என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. தாத்தாக்கள் சொன்னதைக் கேட்டு ஒலிப்பதிவு செய்யத்தான் இங்கே 1979இலேயே ஒரு வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கினார்கள். சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயரைக் காப்பாற்றியவர்கள் தாத்தாக்கள். ராஃபிள்ஸ் கொடுத்தார் என்று என் தாத்தா சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருக்கு இது தேக்கா. லிட்டில் இந்தியா என்ற பெயரைச் சுற்றுலாக் கழகம் விளம்பரத்தில் பரப்பியது 1980களில்.

கூட்டம் கலைந்ததும் அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப ராஃபிள்ஸ் நமக்குக் கொடுத்த இடம் எங்கதான் இருக்கு அண்ணே?” என்றார். ஆற்றுப் பக்கம் போனால் சூலியா ஸ்திரீட் என்ற பெயர்ப்பலகை மிச்சமிருக்கிறது, இப்போது அங்கே வங்கிக் கோபுரங்கள் என்றேன். கைப்பேசியை எடுத்து வழி பார்க்கத் தொடங்கினார்.