பறையும் உறுமியும் ஒரு பந்தலில் அமர்க!

யாழைத் தனித்திருந்து மீட்டலாம். குழலைப் புறவில் ஆநிரை மேய்ப்பவன் தனக்குத் தானே ஊதிக்கொள்ளலாம். பறையோ அத்தகையது அன்று. பறை என்னும் பெயரே பறைதல், அஃதாவது பிறர்க்கு எடுத்துச் சொல்லுதல், என்னும் வினையின் அடியாகப் பிறந்தது. கேட்போர் இல்லாத பறையும் இல்லை. உடன் முழக்குவோர் இல்லாத பறையும் இல்லை. அங்ஙனமிருக்க, இன்று தமிழ்நாட்டில் தன் தொழிலாலும் பிறப்பாலும் பெரிதும் தனித்துவிடப்பட்ட கலைஞன் யாவன் எனின், அப்பறையை முழக்குபவனே ஆவான். தோற்கருவியாளர் ஒரு குழுவாய்க் கூடுவதால் அவர் பெறத்தக்கவை யாவை என்பதைப் போடிநாயக்கனூரையும் அதனையொட்டி எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளையும் கண்முன் கொண்டு எண்ணிப் பார்ப்போம்.

தொல்காப்பியர் திணைகட்குரிய கருப்பொருள்களை வகுத்தபோது தெய்வத்தோடும் உணவோடும் மரத்தோடும் பறையையும் வைத்தார். ஒரு நிலத்துக்கு அதன் மரம் எவ்வாறு உரியதோ, அவ்வாறே அதன் பறையும் உரியது என்பதே அதன் கருத்து. முல்லைக்கு ஏறுகோட்பறையும், நெய்தலுக்கு மீன்கோட்பறையும், மலைநிலமாகிய குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையும் உரியனவாகப் பின்வந்தோர் விரித்துரைத்தனர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம், யாழோனுக்கும் குழலோனுக்கும் கூறப்பட்ட இலக்கணத்தோடு ஒப்ப நிற்கின்றது. அக்காதைக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளைப் பெயர் சுட்டி அடுக்குகின்றார். புறநானூற்றில் மாங்குடி கிழார் குடிகளுள் சிறந்தவற்றை எண்ணுமிடத்துத் துடி முழக்குவோனையும் பறை முழக்குவோனையும் அவற்றுள் வைத்துப் போற்றுகின்றார். இவர்களுள் ஒருவரேனும் தோலைத் தொட்டவன் தாழ்ந்தவன் என்று சொன்னாரா? சொல்லவில்லை. சொன்னவர் பின்னர் வந்த சாதியர்.

கருவியைச் சாதியோடு பிணைத்த நாள்முதல் அதன் வீழ்ச்சி தொடங்கிற்று. தப்பு ஒரு தெருவினுடையது. உறுமி வேறொரு தெருவினுடையது. தவிலும் நாயனமும் பிறிதொரு தெருவினுடையன என்று பிரித்து வைத்தனர். ஒரே திருவிழாவில் ஒரே தெய்வத்தின் முன் முழக்குவோர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண இயலாத நிலை உண்டாயிற்று. இழவு வீட்டில் பறை முழக்குதல் கலையாகக் கருதப்படாமல், பிறப்பால் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாக ஆக்கப்பட்டது. போடி வட்டாரம் 1989-இல் சாதிக் கலவரத்தால் பட்ட புண்ணை இங்குள்ள முதியோர் இன்னும் மறந்திலர். அத்தகைய மண்ணில் ஒரு தோற்கருவியாளன் மற்றொரு தோற்கருவியாளனைத் தன் தொழிற்றோழனாகக் கருதுவது எளிய செயலன்று. எளியதன்று என்பதனாலேயே அது செய்யத்தக்கது.

இவ்வூர்க் கலைஞனின் ஆண்டு எவ்வாறு கழிகின்றது என்று பாருங்கள். போடி ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற ஊர். விடியுமுன்னரே கூலியாள்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் போடிமெட்டின் 17 கொண்டை வளைவுகளையும் கடந்து மலைக்கு ஏறுகின்றன. ஆவணி முதல் தை வரையிலான திங்கள்களில் ஏலக்காய் எடுப்பு நிகழும். அப்போது பறையாளனின் கையும் ஏலச்செடியின் தூரடியிலேயே கிடக்கும். எடுப்பு ஓய்ந்த பங்குனி, சித்திரையில்தான் அடிவார ஊர்களில் கொடை விழாக்கள் நிகழும்; வீரபாண்டிக் கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவும் அப்போதுதான் வரும். ஆகவே, முழக்கி ஈட்டும் ஊதியம் அவனுக்கு மலைவேலை இல்லாக் காலத்துக் கஞ்சி. அந்த ஊதியத்தையும் ஒருவனுக்கு எதிராக ஒருவன் குறைத்துப் பேசி இழக்கின்றான் என்பதே நம் கவலை.

இனி, கூடுவதால் வரும் பயன்களைப் பகுத்துரைப்போம்.

முதற்பயன் கல்வி. பறையடவுகள் ஏட்டில் எழுதப்பட்டவையல்ல. கையிலும் காதிலும் வாழ்பவை. சாமிச்சாட்டடி, சப்பரத்தடி, மருளடி, மாரடிப்படி, வாழ்த்தடி எனப் பல அடிகளை முன்னோர் வகுத்து வைத்தனர். ஆயினும் ஓர் ஊரார் அறிந்ததை மற்றோர் ஊரார் அறியார். ஒரு முதியவர் மறையும்போது அவரோடு ஓர் அடவும் மறைகின்றது. பத்துப் பேர் வட்டமாய் நின்று முழக்குங்கால், ஒருவன் தன் பிழையைத் தானே கேட்கின்றான். தனித்து முழக்குவோனுக்கு அது கேளாது. தன் காலம் எங்கே விரைந்தது, எங்கே தளர்ந்தது என்பதை அளந்து காட்டும் கோல் அருகில் நிற்பவனின் குச்சியே ஆகும். இன்றைய இளைஞர் கைப்பேசியில் பார்த்தும் அடவு பயில்கின்றனர். அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால், கைப்பேசி அடவைக் காட்டுமேயன்றிக் கற்பவனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தாது.

இரண்டாம் பயன் கருவியறிவு. மூன்று மரத்துண்டுகளை வளைவாய் இழைத்து, இரும்புத் தகட்டால் இணைத்து வட்டச் சட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசையிட்டுத் தோலை இழுத்து ஒட்டுவது பறை. இடக்கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி. வலக்கையில் குறுகிய அடிக்குச்சி. தோல் ஈரத்தை உண்டால் தளரும். தளர்ந்தால் ஒலி தாழ்ந்து மங்கும். அனலில் காட்டினால் ஈரம் நீங்கி இறுகும். ஒலி உயர்ந்து தெறிக்கும். வெயில் காயும் போடி நகரில் ஒருமுறை காய்ச்சிய பறை நெடுநேரம் நிற்கும். பனிமூட்டம் இறங்கும் மலைமேட்டிலோ அதே பறை விரைவிலேயே தொய்ந்துவிடும். எந்தத் தோல் மலைக்குத் தாங்கும், எவ்வளவு அனல் போதும், எவ்வளவு மிகுந்தால் தோல் வெடிக்கும் என்பன மலையில் முழக்கிப் பழகியோர் அறிந்தவை. இவ்வறிவு ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் செல்லாமையால்தான், இளைஞர் பலர் காய்ச்ச வேண்டாத நெகிழித் தோலை நாடுகின்றனர். அதில் ஓசை உண்டு. பறையின் ஆழம் இல்லை.

மூன்றாம் பயன் கூலியும் மானமும். இவ்விரண்டையும் பிரித்தல் ஆகாது. தனியொருவன், "இவ்விழவுக்கு நான் வாரேன், இக்கூலிக்கு முழக்கேன்" என்றால் ஊர் அவனை விலக்கிவைக்கும், அல்லது அடுத்த ஊரிலிருந்து வேறொருவனை அழைத்துக்கொள்ளும். வட்டாரத்துக் கலைஞர் அனைவரும் ஒரே மன்றத்தில் நின்று, "அழைப்பு முறையாக வருக, கூலி முன்னரே பேசப்படுக, உணவும் இருக்கையும் பிறர்க்குள்ளவாறே எமக்கும் தருக, பிறப்பைச் சுட்டிக் கட்டாயப்படுத்தும் இடத்துக்கு எவரும் செல்லோம்" என்று உரைப்பின், அது கெஞ்சுதல் ஆகாது, விதி ஆகும். ஏலத்தோட்டத் தொழிலாளன் கூட்டாகக் கேட்டுப் பெறுவதை, அதே தொழிலாளன் பறையைத் தோளில் மாட்டியவுடன் ஏன் மறந்துவிடுகின்றான்?

நான்காம் பயன் முதுமைக்குக் காப்பு. நாட்டுப்புறக் கலைஞர்க்கெனத் தமிழ்நாட்டரசு நலவாரியம் ஒன்றை அமைத்துள்ளது. ஆயினும் உரிய தாளை நிரப்பி, உரிய இடத்தில் பதிந்து, காலத்தில் புதுப்பிப்பவர்க்கே அதன் உதவி கிட்டும். எழுத்தறியா முதியவர் ஒருவர்க்கு இது மலையேற்றத்தினும் அரிய செயல். மன்றம் ஒன்று இருப்பின், படித்த இளைஞன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருபது பேருக்கு இதனைச் செய்து முடிப்பான்.

ஐந்தாம் பயனே தலையாயது. ஒரு பந்தலில் பறையும் உறுமியும் தவிலும் பம்பையும் அருகருகே ஒலிக்குமாயின், அவற்றை ஏந்தியோரும் அருகருகே அமர்வர். பெண்டிரும் அங்கே வருவர். பறை ஆடவர்க்கே உரியது என்ற பொய்யைத் திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுப் பெண்கள் தம் முழக்கத்தால் உடைத்தெறிந்துள்ளனர். சென்னையைச் சார்ந்து இயங்கும் புத்தர் கலைக்குழு, படித்தவரும் பல பிறப்பினரும் பறையேந்த வழிசெய்துள்ளது. தெருவில் நூறு சொற்பொழிவுகள் அசைக்காத சாதிச் சுவரை ஒரு தாளம் அசைக்கும். ஏனெனில், உடன் முழக்குபவனின் கையை நம்பினாலன்றித் தாளம் நிற்காது.

இதற்கு மறுப்புரைப்போரும் உளர். "எம் குடும்பத்து அடவை ஊரார்க்குக் கற்பித்தால் எம் பிழைப்புப் போகாதா?" என்பர் சிலர். மறைத்து வைத்தவர் எவர் பிழைத்தார்? இன்று திருமணங்களிலும் கட்சிக் கூட்டங்களிலும் கேரளத்துச் செண்டையை வரவழைப்போர் பெருகியுள்ளனர். செண்டையை நாம் பழிக்கத் தேவையில்லை. திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தற மேளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர் ஒரு தலைவரின் கைக்குறிப்புக்கு இயைந்து முழக்குகின்றனர். அக்கூட்டுவலிமையே அதன் புகழுக்குப் பெருங்காரணம். நம்மிடம் கருவி உண்டு; கை உண்டு; கூட்டு இல்லை. அயலானைச் சினப்பதை விடுத்து அவனிடம் உள்ள ஒற்றுமையைக் கற்பதே அறிவுடைமை.

"எல்லாரும் கூடினால் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு அழிந்து ஒரே அச்சாகிவிடுமே" என்பர் வேறு சிலர். இவ்வச்சம் பொருளற்றதன்று. மேடைக்கென வகுத்த ஓரிரு அடவுகளையே எல்லாக் குழுக்களும் முழக்கும் நிலை இன்றே காணப்படுகின்றது. ஆதலின், மன்றம் என்பது எல்லார்க்கும் ஒரே அடியைப் புகட்டும் பள்ளி ஆகாது, ஒவ்வோர் ஊரும் தன் அடியைக் கொணர்ந்து வைக்கும் களஞ்சியமாதல் வேண்டும். இன்ன ஊர் அடி, இன்ன முதியவர் வழி வந்தது என்று பெயரோடு போற்றினால் வேறுபாடு அழியாது, நிலைபெறும்.

கடல் கடந்த தமிழர் இவ்வுண்மையை நமக்கு முன்னரே உணர்ந்தனர். இலங்கை மலையகத் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் காலத்தில், விடியலில் ஆள்களை வேலைக்குக் கூட்டத் தப்பு முழக்கப்பட்டது. அடிமை வேலைக்கு அழைத்த அத்தப்பையே அம்மக்கள் தம் காமன் கூத்துக்கும் உரியதாக்கிக் காத்தனர். 1948-இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியபோதும், அவர்தம் முழக்கத்தை எச்சட்டமும் பறிக்க இயலவில்லை. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் முழக்கத் தடை இருந்தது. பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2016-இல் சில இடங்களில் மட்டும் அத்தடை தளர்ந்தது. தனியொருவன் கேட்டுப் பெற்ற தளர்வன்று அது.

இங்கே ஏலமலைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்தது. மக்கள் உறவில் விழவில்லை. மலைமேல் வாழும் தமிழ்த் தொழிலாளர் தம் ஊர்க் கொடைக்குப் பறையோடு இறங்கி வருகின்றனர். அடிவாரத்தார் மலைக்கோயில்களுக்கு ஏறிச் செல்கின்றனர். மன்றம் அமையுங்கால் இருபுறத்தாரும் அதில் உறுப்பினராதல் வேண்டும்.

2025-இல் அலங்காநல்லூர்ப் பறையிசை ஆசான் வேலு அவர்கட்கு இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது. மகிழ்ச்சியே. ஆனால், ஒரு பறையாளர்க்கு அணிவித்த மாலை ஆயிரம் பறையாளரின் பசியைத் தணிக்காது. அவர் பலர்க்குப் பயிற்றிய ஆசான் என்பதே நாம் கைக்கொள்ள வேண்டிய செய்தி.

என் செய்யலாம்? பெருஞ்செலவு ஏதும் வேண்டா. திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எந்தச் சாதித் தெருவிலும் அமையாத பொதுவிடம் ஒன்றில் கூடுக. கூலிவிதிகளை எழுதி அனைவரும் கையெழுத்திடுக. வண்டிச் செலவுக்கும் நோயுற்றோர்க்கும் ஒரு சிறு நிதி வைக்க. 2010-இன் இறுதியில் நின்றுபோன தொடர்வண்டி 2023 சூன் 15 முதல் மீண்டும் போடிக்கு வருகின்றது. மதுரையிலிருந்து ஆசான்மாரை அழைத்தல் இன்று எளிது. தமிழாசிரியர்களுக்கும் இதில் கடமை உண்டு. குறிஞ்சிக்குரிய பறை யாது என்று தேர்வில் வினவி ஒரு மதிப்பெண் இடுவதோடு நம் பணி முடிந்துவிடாது. நம் வகுப்பில் அமர்ந்துள்ள பறையாளன் மகன், தன் தந்தையின் தொழிலைச் சொல்ல நாணித் தலைகுனிகின்றானே, அவன் தலைநிமிர நாம் செய்தது என்ன? அவன் தந்தையைப் பள்ளிக்கு அழைத்து, அவரறிந்த அடவுகளை எழுதியும் ஒலிப்பதிந்தும் காத்தல் நம் கடன்.

தமிழ் இளைஞனே! பறையை ஏந்துமுன் அருகில் நிற்பவனின் சாதியைக் கேளாதே. அவன் அறிந்த அடவைக் கேள். அதுவே மன்றத்தின் முதல் விதி.