‘நல்ல மருத்துவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்’: யாருக்கு இந்த உபதேசம்?

அழகியல் அறுவை சிகிச்சையில் ஓர் உயிர் பறிபோகும் ஒவ்வொரு முறையும் அதே உபதேசம் ஒலிக்கிறது: தகுதி வாய்ந்த மருத்துவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதாவது, இறந்தவர்தான் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை! சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதைப் போல மருத்துவரையும் பொறுக்கி எடுக்க வேண்டும். சொத்தை விழுந்தால் வாங்கியவன் பொறுப்பு. இந்தச் சந்தை நியாயத்தை மாயாபந்தரில் நிறுத்தி உரசிப் பார்ப்போம்.

மாயாபந்தர் வடக்கு, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம். அங்கிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஜாரவா காப்பகத்தைக் காவல் வாகன அணியோடுதான் கடக்க வேண்டும். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றியது ஒன்றிய அரசு. பெயர் மாறியது, நோயாளியின் தொலைவு குறையவில்லை. உயர் சிகிச்சைக்குச் சென்னை செல்ல வேண்டுமென்றால் கப்பலில் சுமார் மூன்று நாட்கள். ஆனால், ‘ஒரே நாளில் புதிய தோற்றம்’ என்னும் விளம்பரம் மட்டும் ஒரு நொடியில் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அதை நம்பிக் கடல் கடந்து அறுவை செய்துகொண்டு திரும்பும் இளைஞருக்குப் பத்தாம் நாள் புண்ணில் சீழ் பிடித்தால் யார் பார்ப்பது? விளம்பரத்தில் இதற்கு விடை இல்லை.

தேர்ந்தெடுக்கத் தெரியாத பாமரர்தான் ஏமாறுகிறார் என்பது மேட்டுக்குடிப் பொய். 2016 மே மாதத்தில் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் ஒரு மருத்துவ மாணவர். அந்த நிலையம் முடிதிருத்தகத்துக்கான உரிமத்தில் இயங்கியதாக அப்போது செய்திகள் வெளியாயின. மருத்துவம் படித்தவரையே காக்காத ‘தேர்வு’, மீன்பிடித் தொழிலாளியின் மகனைக் காக்குமா? தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இலேயே இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் வெளியானதோ 2018இல். இடைப்பட்ட 21 ஆண்டுகள் யாருக்காகக் காத்திருந்தன?

சட்டமே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. சிறப்புத் தகுதி இல்லாதவர் தம்மைச் சிறப்பு மருத்துவர் என்று கூறிக்கொள்ளக் கூடாது என 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவரே முடி மாற்று சிகிச்சை செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது என்று 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் எழுதியது. யூடியூப் பார்த்துக் கத்தி எடுக்காதீர்கள் என்று ஓர் ஆணையமே எழுத நேர்ந்ததிலிருந்து சந்தையின் நிலையைப் புரிந்துகொள்ளலாம். 2010ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் அந்தமானிலும் நடைமுறையில் உள்ளது. ஜிஎஸ்டி வசூலிப்பதற்காக, விபத்துக்கும் பிறவிக் குறைக்குமான சீரமைப்பை ஒருபுறமும் அழகுக்கான அறுவையை மறுபுறமும் அரசு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது. வரி வாங்கப் பிரிக்கத் தெரிந்த அரசுக்கு, உயிர் காக்கப் போலியையும் மருத்துவரையும் பிரிக்க மட்டும் தெரியாதாம்.

2014 அக்டோபரில் மும்பையில் மருத்துவமனை ஒன்றின் விழாவில் பேசிய பிரதமர், விநாயகரின் யானைத் தலையைப் பண்டைய பிளாஸ்டிக் அறுவைக்குச் சான்றாகக் காட்டினார். புராணத்தில் அறுவை நிபுணரைக் கண்டெடுத்தவர், சட்டமன்றமே இல்லாமல் தில்லி நேரடியாக ஆளும் தீவுகளில் நிபுணர்களை நிறுத்துவது பற்றி அல்லவா பேசியிருக்க வேண்டும்?

‘இது வசதி படைத்தோரின் ஆடம்பரம், உழைக்கும் மக்களுக்கு இதில் என்ன?’ என நம்மில் சிலரே கேட்கக்கூடும். பிளாஸ்டிக் அறுவை என்பது நெகிழிப் பொருளைக் குறிப்பதன்று. உருவமைத்தல் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தீயில் வெந்த பெண்ணின் முகத்தையும், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தையையும், இயந்திரத்தில் சிதைந்த தொழிலாளியின் கையையும் சீரமைப்பது அதே துறைதான். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971 முதல் மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த துறை அதற்குச் சான்று. அதே ஸ்டான்லியில் 2018இல் மார்பகச் சீரமைப்பைக் கட்டணமின்றிச் செய்யத் தொடங்கியபோது ‘ஏழைக்கு எதற்கு அழகு’ என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 1975 முதல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ விற்றுக் கறுத்த தோலை இழிவாக்கிய நிறுவனம், 2020இல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை மட்டும் நீக்கிக்கொண்டது. தாழ்வுணர்ச்சியை விதைத்து இலாபம் அறுத்தவர்களை விட்டுவிட்டு, அதற்கு இரையான இளைஞரை ஏளனம் செய்வது இடதுசாரிப் பண்பாகாது.

எனவே, கேள்வி கேட்கக் கற்போம். எம்பிபிஎஸ் முடித்து, பொது அறுவையில் எம்எஸ், பின் பிளாஸ்டிக் அறுவையில் எம்சிஎச் அல்லது அதற்கு இணையான தகுதி உள்ளதா? பதிவு எண் என்ன? மருத்துவ ஆணையப் பதிவேட்டில் அந்த எண் உள்ளதா? கத்தியைப் பிடிப்பவர் அவரா, உதவியாளரா? மயக்க மருந்து கொடுப்பவர் யார், அறுவை முடியும்வரை உடனிருப்பாரா? நெருக்கடி வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே? ஊர் திரும்பியபின் காயத்தைப் பார்ப்பவர் யார்? மழுப்பலாக விடை வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஆனால் இக்கேள்விகள் கேடயம்தான், தீர்வாகா. அழகு நிலையப் பலகைக்குப் பின்னால் நடக்கும் அறுவைகளை ஆய்வு செய்து மூட வேண்டும். விளம்பரங்களில் மருத்துவரின் பெயர், தகுதி, பதிவு எண் ஆகியவை கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒப்புதல் படிவம் நோயாளியின் தாய்மொழியில் அமைய வேண்டும். புரியாத மொழியில் வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. அந்தமானின் அரசு மருத்துவமனைகளில் ஒட்டுறுப்பு அறுவை நிபுணர்கள் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். மாயாபந்தருக்கு அவர்கள் குறித்த நாளில் வந்தாக வேண்டும்.

இல்லாத இடத்தில் தேர்ந்தெடுக்கச் சொல்வது அறிவுரையன்று, கைகழுவல். தேர்ந்தெடுக்கும் உரிமையை உழைக்கும் மக்களுக்கு உண்மையாக்கும் கடமை அரசினுடையது. அதை நிறைவேற்ற வைக்கும் போராட்டம் நம்முடையது.