குளத்துக்கு மேலேயும் மக்கள் இருக்கிறார்கள்

'மக்கள் பங்கேற்பு' என்னும் சொல் இன்று எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் இடம்பெறுகின்றது. நீரேந்துப் பிரதேசப் பாதுகாப்பு என்றால் அது இல்லாமல் இராது. ஆனால் நடைமுறையில் அதன் பொருள் என்ன? திட்டத்தை அதிகாரிகள் வரைவர். மக்கள் மண்வெட்டியோடு சிரமதானத்துக்கு வரவேண்டும். இதைக் கூலியற்ற வேலை என்றே நாம் கருதுகிறோம்.

வஹகோட்டையைப் புனித அந்தோனியார் திருத்தலத்தின் பெயரால் அறிந்தவர்கள் பலர். அதன் அயலிலுள்ள கலேவெல, தம்புள்ளைப் பகுதிகளின் வாழ்வு குளங்களை நம்பியது. உலர்வலயத்தில் ஒரு குளம் தனித்து நிற்பதில்லை. மேற்குளத்து வயல்களின் வடிநீர் கீழ்க்குளத்தில் சேரும். 'எல்லங்காவ' எனப்படும் இத்தொடர்குள முறையை, உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுரிமையாக ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் ஏற்றுக்கொண்டது. குளத்தின் தலைப்பில் 'கஸ்கொம்மன' எனும் மரக்கூட்டம் காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கும். 'பெரஹன' எனும் புல்வெளி, சேனைகளிலிருந்து வரும் வண்டலை வடிகட்டும். அணைக்கட்டுக்குக் கீழே 'கட்டகடுவ' எனும் புதர்நிலம், உவர் வயலுக்குள் இறங்காமல் காக்கும். இவை எவருடைய தனிச்சொத்தும் அல்ல. அதனாலேயே முதலில் அழிந்தவையும் இவைதான்.

அழித்தவர்கள் யார்? பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. பெரிய வெங்காயம் பணப்பயிராகி, விவசாயக் கிணறுகள் பெருகிய காலத்திலிருந்து, மேட்டுநிலத்தை நாடியவர்களில் பலர் வயற்காணி இல்லாதவர்கள்; பாகம் பிரிந்து பிரிந்து ஒன்றும் மிஞ்சாத குடும்பங்களின் இளைஞர்கள். குளத்து நீரில் ஒரு துளிப் பங்கும் இல்லாதவனிடம், குளத்துக்காகக் காட்டை விட்டுவிடு என்கிறோம். அவன் ஏன் கேட்கவேண்டும்?

நமது முன்னோரிடம் 'பெத்ம' என்றொரு வழக்கம் இருந்தது. குளத்தில் நீர் குறைந்த போகத்தில் வயல் முழுவதையும் விதைக்கமாட்டார்கள். அணைக்கட்டை அண்டிய பகுதியை மட்டும் எல்லாப் பங்காளருக்கும் அவரவர் உரிமைக்கேற்பப் பிரித்துக்கொடுத்து விதைப்பர். மேல்வயல்காரன் தன் காணியைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கவேண்டும். பஞ்சத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. ஆயினும் வயலில் பங்கு இல்லாதவன் பெத்மவிலும் இல்லை என்பதை மறைக்கலாகாது. மரபு என்றதும் மெய்ம்மறந்துபோகும் நண்பர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

சட்டங்களும் இந்த எல்லையைத் தாண்டவில்லை. 1832இல் இராசகாரியம் ஒழிந்ததும் குளங்களைப் பராமரிக்கும் கட்டுப்பாடு தளர்ந்தது. 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிர்கொடுக்க முயன்றது. 1958இல் நெற்காணிச் சட்டம் வெல்விதானையின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இன்று கமக்கார அமைப்புகள் இயங்குகின்றன. நடைமுறையில் அங்கு ஓங்குவது வயற்காணிக்காரரின் குரலே.

இன்னும் மேலே போனால் நிலைமை மோசம். 1976 முதல் மாவலி நீர் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, உக்குவெல மின்நிலையம் வழியாகச் சுது கங்கையில் விழுந்து, போவத்தென்னையிலிருந்து கலாவெவவுக்குப் போகின்றது. இந்நீர் ஊறும் மலைகளில் தலைமுறைகளாகத் தேயிலைக் கொழுந்து எடுப்போரில் பலருக்கு அங்கே ஒரு துண்டு நிலமும் இல்லை. மண் அரிப்பைப் பற்றி அவர்களிடம் கருத்துக் கேட்டவர் யார்?

ஆகவே நாம் முன்வைப்பது இதுதான். நீரேந்துப் பகுதியில் மரம் நடச் சொல்லுமுன், அங்கு பயிர்செய்யும் குடும்பங்களைக் கமக்கார அமைப்பில் வாக்குரிமையோடு சேர்க்கவேண்டும். கஸ்கொம்மனவில் நடும் கும்புக், மீ மரங்களின் பலனிலும், குளத்து மீனிலும் அவர்களுக்கு எழுத்தில் பங்கு வேண்டும். விட்டுக்கொடுக்கும் சேனைக்கு ஈடாக, நீர் உள்ள போகத்தில் வயலில் ஒரு பகுதியைக் குத்தகைக்கேனும் கொடுக்கலாம். வயற்காரர் முணுமுணுப்பர் என்பது உண்மையே. பெரும்போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே இதனை எடுக்கலாம். புதிய சட்டமோ வெளிநாட்டு நிதியோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.