செயின்சோ பிடிக்கும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?



2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோது மண்ணோடு மரமும் சரிந்து பாதைகள் அடைபட்டன. குறுக்கே கிடந்த மரங்களை அறுத்து வழி திறந்தவர்களில் நமது லயத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பிள்ளைகளின் காலில் என்ன இருந்தது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. ரப்பர் செருப்பு.

சூறாவளி போய்விட்டது, வேலை போகவில்லை. ஸ்டோரில் கொழுந்து காய விறகு வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த மலைகளுக்கு வந்த யூக்கலிப்டஸும், தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சவுக்கும் பல தோட்டங்களில் முற்றி நிற்கின்றன. லயத்துக் கூரைக்கு மேலே சாய்ந்து நிற்பவையும் உண்டு. கோடாரியும் இருவர் இழுக்கும் வாளுமாக முன்பு நாள்கணக்கில் செய்ததை இன்று ஒருவர் செயின்சோவோடு ஒரு காலையில் முடிக்கிறார். அவர் அநேகமாகத் தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இல்லாதவர், மரத்தை எடுத்த கொந்தராத்துக்காரரின் ஆள். கூலி நாளுக்கு இல்லை, கனஅடிக்கு அல்லது லொறி லோடுக்கு. வேகமாக அறுத்தால்தான் கையில் ஏதாவது மிஞ்சும். நாம் இங்கே சொல்லப்போகும் ஆபத்துகளில் பெரும்பாலானவை அந்த வேகத்தில்தான் தொடங்குகின்றன.

முதலில் மெஷின். வாங்குகிறவர் விலையைப் பார்க்கிறார், அடுத்து பாரின் நீளத்தைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது என்ஜினின் வலு. 30 சிசி மெஷின் கிளை கழிக்கவும் வீட்டு விறகுக்கும் போதும். முற்றிய யூக்கலிப்டஸ் போன்ற வைரம் பாய்ந்த மரத்துக்கு 50 முதல் 60 சிசி வரையிலான நடுத்தர மெஷினும் 16 அல்லது 18 அங்குல பாரும் பொருந்தும். அதில் 24 அங்குல பாரை மாட்டிக் காய்ந்த மரத்தில் வைத்தால் செயின் திணறும். திணறும்போது மனிதன் தன் உடல் பாரத்தைப் போட்டு அழுத்துவான். பார் இல்லாமலே 5 கிலோவுக்கு மேல் கனக்கும் மெஷினை ஏற்றத்தில் நின்று அழுத்துகிறவனின் இடுப்பு எத்தனை வருடம் தாங்கும்?

அடுத்தது, நமக்கு மிகவும் கவலை தருகிற விஷயம். வலு போதவில்லை என்று மெஷினை 'மாற்றுகிறார்கள்'. சைலன்சரைத் திறந்து ஓட்டை போடுகிறார்கள். சத்தம் கூடுகிறது, அதை வலு என்று நினைக்கிறோம். காபரேட்டரை அதற்கேற்பச் சரிசெய்யாவிட்டால் கலவை மெலிந்து பிஸ்டன் இறுகிவிடும். தீப்பொறியைத் தடுக்கும் வலையையும் சேர்த்துக் கழற்றினால் பெப்ரவரி வெயிலில் காய்ந்த மானாப் புல்லுக்கு ஒரு பொறி போதும். செயினில் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறது. பல் ஒரு தடவையில் எவ்வளவு கடிக்கலாம் என்பதை அதுதான் அளக்கிறது. பல்லுக்கும் மேட்டுக்கும் இடையில் சுமார் 0.65 மில்லிமீற்றர் வித்தியாசம் போதும். அதை அரத்தால் தேய்த்து இறக்கிவிட்டால் செயின் வெறிபிடித்ததுபோல் கடிக்கும், வைர மரத்தில் உதைக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது செயின் பிரேக்கைக் கழற்றிவிடுவது. பாரின் மூக்கின் மேற்பாதி மரத்திலோ மறைந்திருக்கும் கிளையிலோ பட்டால், முழு மெஷினும் அறுப்பவனின் முகத்தை நோக்கி எகிறும். கையை எடுக்க நேரம் இருக்காது. முன்கைக் காப்பு முன்னால் சாய்ந்து செயினை நிறுத்துவது அந்த ஒரு நொடிக்காகத்தான். 'அடிக்கடி விழுந்து வேலையைக் கெடுக்குது' என்று அதைக் கழற்றிய ஒரு தம்பி நமது காரியாலயத்துக்கு வந்தார். தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். கொந்தராத்துக்காரர் ஆஸ்பத்திரிக்கு வான் பிடித்துக் கொடுத்தாராம், அதோடு கணக்கு முடிந்ததாம்.

நாம் சொல்லும் மாற்றம் ஒன்றே ஒன்று: கூரான செயின். தூள் மாவாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது, சிராய் சிராயாக வந்தால் சரி. பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று இழுப்பு அரம் போடுங்கள். கடின மரத்துக்குப் பல்லின் சாய்வை 30 பாகைக்குப் பதில் 25 பாகை அளவில் வைத்தால் கூர் நின்று பிடிக்கும். பெற்றோலில் எண்ணெய் கலப்பதை மெஷினின் புத்தகத்தில் உள்ளபடி செய்யுங்கள். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க இன்னொன்றும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் அங்கே என்ஜினின் வலு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும், புகை கூடும். அது மெஷினின் குற்றமல்ல. காபரேட்டர் திருகாணியைச் சற்று இறுக்கினால் சரியாகும். ஆனால் அதே மெஷினை கித்துல்கலைக்கோ அவிசாவளைக்கோ வேலைக்குக் கொண்டு இறங்கும்போது திருகாணியைத் திரும்பத் தளர்த்த வேண்டும். மறந்தால் ஒரே நாளில் என்ஜின் போய்விடும், கடன் மட்டும் நிற்கும்.

இதையெல்லாம் சங்கப் பத்திரிகையில் எழுத வேண்டுமா, சம்பளத்தைப் பற்றி எழுதுங்கள் என்றார் ஒரு மூத்த தோழர். கால் போனவனுக்கு எந்தச் சம்பளத்தை வாங்கிக் கொடுப்பது?

தேயிலை மலையில் மரம் சாய்ப்பது காட்டில் சாய்ப்பதைப் போன்றதல்ல. மரம் அசையத் தொடங்கியதும் அறுப்பவர் பின்புறமாகச் சாய்வாக விலகி ஓட வேண்டும். இடுப்பளவு செடிகளுக்கு நடுவே எங்கே ஓடுவது? வாதில் கால் சிக்கும். நான்கு செடியைக் கவ்வாத்து வெட்டி வழி எடுக்கக் கேட்டால், செடி கெட்டுவிடும் என்று மறுக்கிறார்கள். செடிக்கு இருக்கிற மதிப்பு ஆளுக்கு இல்லையா? வழி எடுக்காமல் எவரும் மரத்தில் கை வைக்கக் கூடாது. சாயும் பக்கத்தில் முதலில் வாய் எடுங்கள், அடிமரத்தின் நான்கில் ஒரு பங்கு ஆழம் போதும். பின்வெட்டை முழுதாக ஓடவிடாமல் பத்தில் ஒரு பங்கைக் கதவின் கீல்போல விட்டு, ஆப்பு அடித்துச் சாயுங்கள். சூறாவளியில் விழுந்து வளைந்து கிடக்கும் மரம் வில்லைப் போன்றது. எந்தப் பக்கம் விறைத்திருக்கிறது என்று பார்க்காமல் வெட்டினால் அது அடிக்கும். கைப்பழக்கம் இல்லாதவர் அதைத் தொடவே வேண்டாம்.

மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு எவரும் நிற்கக் கூடாது. சரிவில் கட்டை உருண்டு அதற்கும் அப்பால் போகும். ஆகவே மேலே மரம் அறுக்கும் நாளில் கீழே கொழுந்து மலை போடக் கூடாது. தாய்மார்களே, மேலே செயின்சோ சத்தம் கேட்டால் கங்காணியிடம் சொல்லிவிட்டு வேறு மலைக்குப் போங்கள். அதற்காகப் பேர் வெட்டினால் சங்கம் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்குள் ஓடும் மெஷினுக்குக் காப்பு கேட்கிறது. மலையில் ஓடும் மெஷினை அது எட்டவில்லை. 2018இல் அரசாங்கம் செயின்சோக்களைப் பொலிஸில் பதியச் சொன்னது காட்டைக் காக்க, அதைப் பிடிக்கும் ஆளைக் காக்க அல்ல. நமக்கு இருப்பது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். கொந்தராத்தில் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் தோட்டம் கைகழுவப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். காயம் பட்ட அன்றே தோட்டக் காரியாலயத்துக்கு எழுத்தில் அறிவித்து, ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரப்படுத்தி, நமது மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான். தோட்டத்து மரத்தை அறுக்கிறவருக்கு, அவர் யாருடைய ஆளாக இருந்தாலும், தலைக்கவசம், காதுக் காப்பு, செயின் வெட்டாத கால்சட்டை, சப்பாத்து ஆகியவற்றைத் தோட்டம் உறுதிசெய்ய வேண்டும். கனஅடிக் கூலி ஒழிந்து நாள் கூலி வர வேண்டும். எவரும் தனியே அறுக்கக் கூடாது. நுவரெலியாக் குளிரில் அதிரும் மெஷினை நாள் முழுக்கப் பிடித்தால் விரல் வெளுத்து மரத்துப்போகும், வருடங்கள் சென்றால் அது திரும்பாது. அதனால் ஆள் மாற்றி வேலை கொடுக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்மார் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது தமது டிவிஷனில் மரம் அறுப்பவர்கள் யார், யாருடைய கொந்தராத்து, மெஷின் யாருடையது, செயின் பிரேக் வேலை செய்கிறதா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். செக்ரோலில் பெயர் இல்லாதவர்களையும், சந்தாக் கட்டாதவர்களையும் சேர்த்தே எழுதுங்கள்.