நண்டு எங்கேயும் போய்விடவில்லை

“கடல் ஒன்றிரண்டு டிகிரி சூடானால் என்ன? குளிர்ந்த இடம் பார்த்து மீன் போய்விடும்.” படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். சாட்சிக்கு மத்தியை இழுக்கிறார்கள்: மலபார் கரையோடு நின்றிருந்த மீன், இப்போது நம் கிழக்குக் கரையிலும் பிடிபடுகிறதே! மத்தி வந்தது உண்மைதான். அதை வைத்து எல்லா உயிருக்கும் போக்கிடம் உண்டென்று முடிவுகட்டுவது தவறு, ஆபத்தான தவறு.

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலின் பனி நண்டைப் பாருங்கள். 2018 கணக்கெடுப்பில் அது முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகியிருந்தது. 2021இல் பார்த்தால் 1000 கோடிக்கும் மேற்பட்ட நண்டுகளைக் காணோம். வடக்கே போயிருக்கும், ஆழத்துக்கு இறங்கியிருக்கும், ரஷ்யக் கடலுக்குள் நுழைந்திருக்கும் என்றார்கள். தேடியும் பார்த்தார்கள். இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு நண்டு எங்கும் இல்லை. 2022 அக்டோபரில், முதன்முறையாக, அங்கே பனி நண்டுப் பிடிப்பே நிறுத்தப்பட்டது. நண்டை நம்பி வாழ்ந்த செயின்ட் பால் தீவின் வருமானம் அதோடு போயிற்று.

சூடு தாங்காமல் செத்தனவா? அதுவும் இல்லை. அந்த நீர் நண்டைக் கொல்லும் சூட்டை எட்டவேயில்லை. நண்டுக்கென்று தனி உடற்சூடு கிடையாது. நீரின் சூடுதான் அதன் சூடு. நீர் 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு ஏறினாலே அதன் உணவுத் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். 3 டிகிரி நமக்கு நடுக்கும் குளிர். நண்டுக்கோ அதே உடம்பைக் காப்பாற்ற இரண்டு பங்கு தீனி வேண்டும். 2018, 2019 வெப்ப அலையில் நடந்தது இதுதான். தேவை எகிறியது, தின்னும் வாய்களோ என்றுமில்லாத அளவு. 2018இல் பிடித்த நண்டுகள், 2017இல் பிடித்த அதே அளவு நண்டுகளைவிட எடை குறைந்திருந்தன. பட்டினிச் சாவையே முதன்மைக் காரணமாகக் காட்டியது, 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு.

சூட்டோடு கடல்நீர் அமிலமாவதும் நடக்கிறது. அதை அந்தச் சாவுக்குப் பொறுப்பாக்க நான் முனையவில்லை. ஆனால் அது பறிப்பதும் உணவு தரும் அதே ஆற்றலைத்தான். நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு கடலில் கரைந்து அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் அமிலத்தன்மை 30 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்திருக்கிறது. உடலில் சேரும் அமிலத்தைச் செவுள் வழியே வெளியேற்ற ஆற்றல் வேண்டும். ஓடு கட்டும் உயிர்களுக்கு அதற்கும் கூடுதலாக வேண்டும். வலுவான செவுளுள்ள மீன்கள் பல சமாளிக்கின்றன, உண்மை. சமாளிப்பதற்கான செலவு, உணவு குறைந்தால் வளர்ச்சியிலிருந்தும் முட்டையிலிருந்தும்தான் போகும். போதாக்குறைக்கு, சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு.

2024இல் பனி நண்டுப் பிடிப்பு மிகச் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது. உடனே, “பார்த்தீர்களா, கடல் தன்னைத்தானே சரிசெய்துகொண்டது” என்ற பேச்சும் வரும். எண்ணிக்கையைக் காட்டிக் கடல் நலம் என்று வாதிடுபவர்கள் 2018ஐ மறுபடி பார்க்கட்டும். அன்று எண்ணிக்கை உச்சத்தில் இருந்தது. குறைந்துகொண்டிருந்தது ஒவ்வொரு நண்டின் எடை.