நாடகம் படிச்சவன் எங்கே போவான்?

நள்ளிரவு மணி ஒன்றரை. நகரில் ஒரு போலீஸ் நிலையம். செய்தி சேகரிக்கப் போயிருந்தோம்.

ரோந்து போன போலீசார் ஒரு வாலிபரைப் பிடித்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். தோளில் ஒரு பை. பைக்குள் ஒட்டுத்தாடி, முகப்பூச்சு டப்பா, ஒரு மரக்கத்தி!

“யாருடா நீ? என்ன பண்றே?” என்று அதட்டினார் ஏட்டு.

“நாடகம் படிச்சிருக்கேன் சார். ரெண்டு வருஷப் படிப்பு.”

“இங்கே நடிக்காதே! உண்மையைச் சொல்லு!”

நிலையத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சிரிக்காதவர் ஒரே ஒருத்தர். அந்த வாலிபர்தான்.

பையிலிருந்து சர்டிபிகேட் நகலை எடுத்து நீட்டினார். பல்கலைக்கழக முத்திரை. முதல் வகுப்பு. ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்குக்கூடவாய்யா பட்டம் குடுக்கிறாங்க?” என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

வெளியே வந்து அவரிடம் பேச்சுக் கொடுத்தோம். ஊர் திண்டிவனம் பக்கம். அப்பா கொத்தனார். படித்து முடித்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது கல்யாண மண்டபங்களில் சீரியல் பல்பு கட்டுகிற வேலை. எங்காவது நாடகம் என்று கூப்பிட்டால், பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அன்றைக்கும் அப்படிப் போய்விட்டுத் திரும்பியவர்தான்.

“ஏட்டய்யா கேட்டது தப்பில்லீங்க. எங்க அப்பாவும் அதையேதான் கேக்கிறாரு. இதைப் படிச்சு என்னடா வேலை கிடைக்கும்னு. ஏட்டய்யாவுக்குச் சர்டிபிகேட்டைக் காட்டிட்டேன். அப்பாவுக்கு எதைக் காட்டுறது?” என்றார்.

அந்தக் கொத்தனார் கேட்ட கேள்வியைத்தான் இன்று நாம் அரசிடம் கேட்கிறோம்.

கூத்தாடிப் படிப்பா?

நாடகப் படிப்பு என்றதும், கண்ணாடி முன் நின்று வசனம் பேசுகிற படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

காலையில் உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி, தொண்டை கட்டாமல் பேசுகிற பயிற்சி. மேடை அமைப்பு, விளக்கு, ஒப்பனை, உடை, இயக்கம் என்று ஒவ்வொன்றும் ஒரு பாடம். சுத்தியலும் பிடிக்கணும், ஒயரும் இழுக்கணும், புத்தகமும் படிக்கணும்.

ரஷ்யாவின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வருவார். ஜெர்மனியின் பிரெக்ட் வருவார். நம்ம ஊர்த் தெருக்கூத்தும் வரும். நகை, அழுகை, அச்சம், வெகுளி என்று தொல்காப்பியம் சொல்கிற எட்டு மெய்ப்பாடும் வரும்.

சிலப்பதிகாரத்தில் மேடைக்கு அளவே கொடுத்திருக்கிறார் இளங்கோ. ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். திரையிலும் மூன்று வகை சொல்கிறார். அதையும் படிக்கணும்.

இது சோம்பேறிப் படிப்பா? நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு எப்படி?

பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் நாடகப் பள்ளி இருந்தது. அதற்குப் பெயர் பாய்ஸ் கம்பெனி!

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆர். பயின்றது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். சிவாஜி கணேசனும் சிறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர்தான்.

அங்கே அடி உண்டு. வீட்டை நினைத்து அழுத பிள்ளைகளும் உண்டு. அந்தக் காலம் திரும்ப வரணும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. கற்றுக் கொடுத்த கம்பெனியே மேடையும் கொடுத்தது. சோறு போட்டது. பாடமும் பிழைப்பும் ஒரே கொட்டகைக்குள் இருந்தன.

கம்பெனிகள் கலைந்தன. அந்த வேலையைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. டெல்லியில் 1959-ல் தேசிய நாடகப் பள்ளி வந்தது. 1962 முதல் 1977 வரை இப்ராகிம் அல்காசி அதன் இயக்குநர். நசீருதீன் ஷா, ஓம் பூரி எல்லாம் அங்கே படித்தவர்கள்தான். நம்ம நாங்குநேரியைச் சேர்ந்த சே.ராமானுஜமும் அங்கே படித்துத் திரும்பியவர்.

தஞ்சையில் 1981-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது. அதில் நாடகத்துக்கு என்று தனித் துறை. ராமானுஜம், மு.ராமசுவாமி போன்றவர்கள் அங்கே பணியாற்றினார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி தலைமையில் ஒரு நாடகப் பள்ளி உருவானது. அதற்கு வைத்த பெயர் சங்கரதாஸ் சுவாமிகள். 1922-ல் சுவாமிகள் கண்மூடியதும் அதே புதுவையில்தான்.

பெயர் வைத்தாகிவிட்டது. பாடம் நடக்கிறது. பட்டமும் கொடுக்கிறார்கள். சுவாமிகளின் கம்பெனியில் இருந்த இரண்டாவது பாதியை மட்டும் மறந்துவிட்டார்கள். பிழைப்பு எங்கே?

பட்டியலில் பெயர் இல்லை

“கல்லூரி ஆசிரியர் ஆகலாமே” என்பார்கள். உண்மைதான். நெட் தேர்வில் நாடகத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. எழுதலாம், பாஸ் பண்ணலாம். பாஸ் பண்ணிவிட்டு எந்தக் காலேஜுக்குப் போவது? நாடகத் துறை உள்ள இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாமே!

சரி, பள்ளிக்கூடம்? ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-ல் சிறப்பாசிரியர் பதவிகளுக்குத் தேர்வு வைத்தது. உடற்கல்வி உண்டு. ஓவியம் உண்டு. தையல் உண்டு. இசை உண்டு. நாடகம்? பட்டியலிலேயே இல்லை!

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். நாடகத்துக்கு அப்படி மாவட்டம் தோறும் ஒரு பள்ளி உண்டா? கிடையாது.

மேடை ஏறினால் “இயல், இசை, நாடகம்” என்று மூன்று விரலை விரிக்கிறோம். சம்பளப் பட்டியல் போடும்போது மூன்றாவது விரலை மடக்கிவிடுகிறோம்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. 2022-23 கல்வி ஆண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் நாடகப் போட்டியும் உண்டு. பிள்ளைகள் ஆசை ஆசையாக நடிக்கிறார்கள். யார் பழக்குவது? தமிழய்யா பழக்குகிறார். இல்லையென்றால் கணக்கு டீச்சர். பாவம், அவர்கள் பாடம் நடத்துவார்களா, ஒட்டுத்தாடி ஒட்டுவார்களா?

போட்டி இருக்கிறது. பரிசு இருக்கிறது. வாத்தியார் மட்டும் இல்லை. படித்த வாத்தியார் மண்டபத்தில் பல்பு கட்டுகிறார்!

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள்

கேரளத்தில் 1977-லேயே கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி திருச்சூரில் தொடங்கியது. ஜி.சங்கரப்பிள்ளை அதன் முதல் இயக்குநர். நம்ம ராமானுஜமும் அங்கே பாடம் சொன்னவர்தான். அங்கே பள்ளிக் கலோத்சவம் பல பத்தாண்டுகளாக ஊர்த் திருவிழா மாதிரி நடக்கிறது. அதில் நாடகப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய, நாடகம் தெரிந்தவர்களைத் தேடிப் போகிறார்கள்.

டெல்லி நாடகப் பள்ளி 1989-லேயே குழந்தைகளுக்காகத் தனியாக ஒரு குழு அமைத்தது. பெரியவர்கள் நடிக்கிறார்கள், பிள்ளைகள் பார்க்கிறார்கள். பிள்ளைகளையே நடிக்கவும் பழக்குகிறார்கள்.

இதெல்லாம் பிள்ளைகளை நடிகராக்குவதற்கா? இல்லை. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று, நினைத்ததைத் திக்காமல் சொல்லத் தெரியணும். அடுத்தவன் அழுதால் ஏன் அழுகிறான் என்று புரியணும். குற்றச் செய்தி எழுதுகிறவர்கள் நாம். சொல்லத் தெரியாமல் கையை ஓங்கிய எத்தனை பிள்ளைகளை நிலையங்களில் பார்த்திருக்கிறோம்!

நாம் கேட்பது இதுதான்

பணம் எங்கே என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் ஆள் போடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். முதலில் ஒன்றியத்துக்கு ஒரே ஒரு நாடக ஆசிரியர் போடுங்கள். வாரம் ஒரு பள்ளி என்று சுற்றி வரட்டும். மொத்தம் 388 பேர். அரசாங்கத்துக்கு இது பெரிய பாரமா?

அடுத்த சிறப்பாசிரியர் தேர்வுப் பட்டியலில் ‘நாடகம்’ என்ற நான்கெழுத்துக் கலைக்கும் இடம் கொடுங்கள். அது போதும், ஒரு தொடக்கத்துக்கு.

படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சினிமா சான்சுக்காக நாடகம் படிக்காதீர்கள். கூத்துப்பட்டறையிலிருந்து ஒரு பசுபதி வந்தார் என்றால், பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். மேடையே பிடித்திருந்தால் மட்டும் படியுங்கள்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கெட்டுப்போகிற படிப்பு இல்லை இது. பெண் பிள்ளை கேட்டாலும் கதவைச் சாத்தாதீர்கள். ஆண் பிள்ளைகளே சேலை கட்டி நடித்த காலம் மலையேறிவிட்டது.

திண்டிவனத்து வாலிபர் இன்றைக்கும் ஏதோ ஒரு மண்டபத்தில் ஏணி மேல் நின்றுகொண்டிருப்பார். நாளைக்கே இன்னொரு ராத்திரி, இன்னொரு ஏட்டு “என்ன பண்றே?” என்று கேட்கலாம்.

“பள்ளிக்கூடத்துல நாடக வாத்தியார் சார்” என்று அவர் பதில் சொல்லணும். அந்தக் கொத்தனார் காதிலும் அது விழணும்.

செய்வார்களா?